4 வருஷம் 240 நாள்: ஞாயிற்றுக்கிழமை சேருமா, சேராதா?

கணக்குப்பிள்ளை:
"5 வருஷம் முடியாம ஒரு பைசா கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி தர்ற பணிக்கொடை) கிடையாது, 4 வருஷம் 240 நாள்ங்கறதெல்லாம் வாட்ஸ்அப் வதந்தி"னு நேத்து இங்க ஒரு மேதாவி எழுதியிருக்கார். 1972 கிராஜுவிட்டி சட்டத்துல 2ஏ பிரிவு அவர் கண்ணுல படலையா? மேட்டூர் பியர்ட்செல் வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் 1998லயே சொல்லியாச்சு: அஞ்சாவது வருஷத்துல 240 நாள் வேலை பார்த்திருந்தா அது முழு வருஷம்.

ஆலை_எச்ஆர்:
மேதாவி நான்தான் சார். 4(1) பிரிவுல 5 வருஷம்னுதான் இருக்கு. சரி, உங்க வழிக்கே வர்றேன். ஒருத்தர் 5-10-2020 சேர்ந்து 30-6-2025 விலகுறார். வாரம் 6 நாள் வேலை. அஞ்சாவது வருஷத்துல காலண்டர்படி 269 நாள். 39 ஞாயிறு கழிச்சா 230. அவ்ளோதான், கதை முடிஞ்சது.

கணக்குப்பிள்ளை:
ஞாயிறை யார் கழிக்கச் சொன்னது? சம்பளத்தோட கூடிய வார விடுமுறையும் 240ல சேரும்னு அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வழக்குல உச்ச நீதிமன்றமே 1985ல சொல்லிடுச்சு. 269தான்.

ஆலை_எச்ஆர்:
அது தொழில் தகராறு சட்டம், 25பி பிரிவு. இங்க பேசறது கிராஜுவிட்டி. பக்கத்து வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நம்ம வீட்டுக்குப் பட்டா கேட்கலாமா?

ரெண்டாம்ஷிஃப்ட்:
எங்களுக்கு வாரம் 5 நாள்தான் வேலை. எங்களுக்கும் 240ஆ அண்ணே?

கணக்குப்பிள்ளை:
இல்ல தம்பி, 190. சுரங்கத்துக்குள்ள இறங்கி வேலை பார்க்கறவங்களுக்கும் அதே 190. முழுச் சம்பள லீவு, லே-ஆஃப் நாள் (கம்பெனி வேலை கொடுக்க முடியாம நிறுத்தி வெச்ச நாள்), பிரசவ விடுப்பு எல்லாம் கணக்குல வரும். சம்பளமில்லாத லீவு வராது, நிறைய பேர் அங்கதான் மாட்டிக்கறாங்க.

புதுச்சட்டம்:
எல்லாரும் பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டறீங்க. 21-11-2025லிருந்து புது கோட் (சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு) அமல். 1 வருஷம் போதும்!

ஆலை_எச்ஆர்:
1 வருஷம்ங்கறது இத்தனை காலம்னு குறிச்சு கம்பெனியே நேரடியா ஒப்பந்தம் போட்டுச் சேர்த்த ஊழியருக்கு மட்டும். நிரந்தர ஊழியருக்கு அதே 5தான். தலைப்பை மட்டும் படிச்சுட்டு வந்துடறாங்க.

கணக்குப்பிள்ளை:
இதுல மட்டும் எச்ஆர் சொல்றது சரி. ஞாயித்துக்கிழமை விஷயத்துல இல்ல.

ரெண்டாம்ஷிஃப்ட்:
சிடிசில (கம்பெனி நமக்காக வருஷத்துக்குச் செய்யற மொத்தச் செலவுக் கணக்கு) பேசிக்ல 4.81 சதவீதம்னு கிராஜுவிட்டியை எழுதி வெச்சுட்டு, கிளம்பறப்ப கிடையாதுங்கறது என்ன நியாயம்?

ஆலை_எச்ஆர்:
அது கம்பெனி ஒதுக்கி வைக்கற செலவு, உங்க சம்பளப் பிடித்தம் இல்ல. எத்தனை தடவைதான் சொல்றது?

கணக்குப்பிள்ளை:
வருஷத்துக்கு 15 நாள் சம்பளம், மாசத்துக்கு 26 வேலை நாள்; அந்த 15ஐ 26ஆல வகுத்து, அதை 12 மாசத்தால வகுத்தா வர்றதுதான் அந்த 4.81. பேசிக், டிஏ சேர்ந்து 26,000னா வருஷத்துக்கு 15,000, அஞ்சு வருஷத்துக்கு 75,000. 30ஆல வகுத்துக் கொடுக்கற எச்ஆர்களும் உண்டு, 65,000தான் கைக்கு வரும். இவரும் அந்த ரகமானு தெரியல. ஜூன்ல விலகினவருக்குப் பழைய சட்டம்தான். கிராஜுவிட்டி கேட்கற 'I' படிவத்தை 30 நாளுக்குள்ள ஒப்புகைச் சீட்டோட அனுப்பணும். கம்பெனி 30 நாள்ல கொடுக்கலைன்னா 10 சதவீத வட்டி. மறுத்தா 'M' படிவத்துல காரணம் எழுதித் தரணும். அப்புறம் 90 நாளுக்குள்ள 'N' படிவத்தோட கட்டுப்பாட்டு அதிகாரிகிட்ட (கிராஜுவிட்டி தகராறை விசாரிக்கற அரசு அதிகாரி) போகணும். வருகைப் பதிவேட்டு நகலை விலகறதுக்கு முன்னாடியே வாங்கி வெச்சுக்கணும்.

ஆலை_எச்ஆர்:
படிவப் பாடம் நல்லாத்தான் இருக்கு. நான் 26ஆலதான் வகுக்கறேன். வாங்கற நகல்ல ஞாயிறுக்கு நேரா 'வா.வி' (வார விடுமுறை)னுதானே இருக்கும்? வேலை பார்த்ததா எங்க இருக்கு?

கணக்குப்பிள்ளை:
'வா.வி'க்குச் சம்பளம் கொடுத்தீங்களா, இல்லையா? அதுக்கு மட்டும் பதில்.

ஆலை_எச்ஆர்:
மாசச் சம்பளம் கொடுத்தோம். 230.

கணக்குப்பிள்ளை:
269.