நெல் இலை செம்பழுப்பாகிறது, ஜிங்க் போட்டும் தெளியவில்லை. அவசரம்!

கல்குளத்தான்: தலைப்பில் சொன்னதுதான். ஜிங்க் சல்பேட் போட்டாச்சு, யூரியாவும் போட்டாச்சு. இனி என்ன நுண்ணூட்டம் போடலாம்? சீக்கிரம் சொல்லுங்க.

வயலோரம்: என்ன ரகம்? நட்டு எத்தனை நாள்? முதலில் கருகுவது அடி இலையா, குருத்தா? படம் போடுங்கள்.

பொன்னிப்பிரியன்: ஜிங்க் எவ்வளவு போட்டீர்கள்? ஏக்கருக்கு 10 கிலோ, மணலோடு கலந்து தூவ வேண்டும். டிஏபி உரத்தோடு கலந்தால் வீண். நான் பார்த்தவரை இந்த நிறம் வந்தாலே ஜிங்க் குறைதான்.

ஏர்முனை: வழக்கம்போல மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) எவ்வளவு என்று ஒரு வார்த்தை இல்லை. ஒட்டி வைத்திருக்கும் பதிவை யாரும் படிப்பதில்லை. ஜிங்க் குறையால் வரும் கைரா நோயை 1966இல் விஞ்ஞானி நேனே கண்டறிந்தது வடக்கே பந்த்நகர் பக்கத்தில், இமயமலை அடிவாரத் தராய் மண்ணில். அங்கே மண்ணில் சுண்ணாம்பு அதிகம், அதனால் ஜிங்க் பயிருக்குக் கிடைக்காது. எல்லா வயலும் பந்த்நகர் இல்லை.

கல்குளத்தான்: அம்பை 16 ரகம், கும்பப்பூ (இரண்டாம் போகம்). நட்டு மூன்று வாரம். அடி இலை நுனியில் புள்ளி விழுந்து கீழே இறங்குது. செம்மண் மேட்டுக்குக் கீழே, ஏலாவிலேயே (வயல்வெளியிலேயே) பள்ளமான வயல், தண்ணி வற்றவே வற்றாது. மண் பரிசோதனை பண்ணலை. படம் ஏற மாட்டேங்குது.

வயலோரம்: அண்ணே, வரப்போரம் தண்ணீர்மேல் எண்ணெய் மாதிரி படலம் தெரிகிறதா? குச்சியால் கீறிப் பாருங்கள். சில்லு சில்லாக உடைந்து நின்றால் இரும்பு, திரும்பக் கூடிக்கொண்டால் எண்ணெய். ஒரு தூரைப் பிடுங்கி வேரையும் பாருங்கள்.

கல்குளத்தான்: உடையுது. வேர் துருப்பிடிச்ச மாதிரி, சிலது கறுப்பு.

வயலோரம்: அப்படியென்றால் இது இரும்பு மிகுதியாகத்தான் இருக்கும். அமில மண்ணில் தண்ணீர் கட்டி நின்று காற்று போகாவிட்டால் இரும்பு கரைந்து பயிருக்குள் ஏறும். போதாததற்கு மேட்டிலிருந்தும் இரும்பு கசிந்து வரும். வேரில் படியும் துரு, மணிச்சத்து (பாஸ்பரஸ்), பொட்டாஷ், ஜிங்க் எதையும் சரியாக எடுக்க விடாது, அதனால்தான் பார்க்க ஜிங்க் குறை போலவே இருக்கிறது. தண்ணீரை வடித்து, மண் லேசாக வெடிக்கும்வரை காயவிட்டுப் புதுத் தண்ணீர் கட்டுங்கள். மேட்டோரம் ஒரு வடிகால் வெட்டுங்கள். பொட்டாஷ் கொடுங்கள். இரும்பு சேர்ந்த நுண்ணூட்டக் கலவை இப்போது வேண்டவே வேண்டாம்.

பசுந்தழை: ரசாயனமே வேண்டாம். தழை உரம் மிதித்தால் மண் தானே தேறும்.

கல்குளத்தான்: கிளைரிசிடியா தழை மிதிச்சுதான் நட்டோம்.

வயலோரம்: பச்சைத் தழை தண்ணீருக்குள் அழுகும்போது ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும், இரும்பு இன்னும் கரையும். தழை நல்லதுதான், வடியாத பள்ள வயலில் நடவை ஒட்டிப் போடுவதுதான் சிக்கல்.

பொன்னிப்பிரியன்: ஜிப்சம் போட்டால் என்ன?

ஏர்முனை: ஜிப்சம் களர் (கார) மண்ணுக்கு. அமிலத்தைக் குறைக்காது. பள்ளிப் பாடம்.

பொன்னிப்பிரியன்: எங்கள் டெல்டாவில் எல்லோரும் போடுகிறார்கள் சார். பாடம் படித்தவர்கள் வயலில் இறங்கியதுண்டா?

ஏர்முனை: டெல்டாவை விட்டு வெளியே வாருங்கள். அவருக்கு வேண்டியது சுண்ணாம்பு.

வயலோரம்: சுண்ணாம்பு சரி, ஆனால் நிற்கிற பயிரில் வேண்டாம். அடுத்து வரும் கன்னிப்பூப் போகத்தில் நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, பரிசோதனை சொல்லும் அளவு மட்டும். கூடினால் நிஜமாகவே ஜிங்க் குறை வந்துவிடும்.

பசுந்தழை: சாம்பலும் போடலாமே, அதில் பொட்டாஷும் உண்டு.

கல்குளத்தான்: வடிச்சு காயப் போட்டேன். புதுக் குருத்து பச்சையா வருது. நன்றி.

வயலோரம்: பொட்டாஷ் எவ்வளவு போட்டீர்கள்?

பொன்னிப்பிரியன்: முதலில் போட்ட ஜிங்க் இப்போதுதான் பிடித்திருக்கும்.