கறுப்புத் தாடிப் பாசிக்கு என்ன செய்யலாம்? உதவி தேவை

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியில 100 லீற்றர் நீர்ச்செடித் தொட்டி. வலிஸ்நேரியா, கிரிப்டோகோரைன் எண்ட ரெண்டு நீர்ச்செடியும் நட்டு நாலு மாதம். கிணத்துத் தண்ணி, கேத்திலில வெள்ளையாப் படியிற அளவுக்குக் கடினம்.

பில்ரர் வாய்க்குக் கிட்ட இருக்கிற இலை விளிம்பெல்லாம் கறுப்புத் தாடிப் பாசி. உரிச்சா இலைதான் கிழியுது. லைற்றை 10 மணித்தியாலத்தில இருந்து 6க்குக் குறைச்சு, கிழமைக்கு ரெண்டு தரம் 30 லீற்றர் மாத்தினதில கண்ணாடியில இருந்த பச்சைப் பாசி போட்டுது. தாடி அசையேல்லை.

இனி 3% ஐதரசன் பேரொட்சைட்டு 20 மில்லிலீற்றர் எடுத்து, பில்ரரை நிப்பாட்டி, ஊசியில்லாத சிரிஞ்சால பாசியில மட்டும் மெதுவா விட்டு, 10 நிமிசத்தால திரும்பப் போட யோசனை. இது செம்பாசி இனம், செத்தால் இளஞ்சிவப்பாகும் எண்டது தெரியும். ஆனா வலிஸ்நேரியா கருகுமோ? எத்தினை நாள் இடைவெளி விட்டுத் திரும்பச் செய்யலாம்? தொட்டியில சின்ன இறாலும் நிக்குது, அதுதான் பயம்.

மற்றது, சீனியும் ஈஸ்ற்றும் போட்ட போத்திலாலதான் செடியளுக்குக் காபனீரொட்சைட்டு போகுது. அது ஒரு நாள் கூட, ஒரு நாள் குறைய வாறதுதான் தாடிப் பாசிக்கு மூலகாரணம் எண்டு நினைக்கிறன். அதை முற்றா நிப்பாட்டிறது நல்லதோ, ரெண்டு போத்திலை மாறி மாறி வைச்சுச் சீராக்கிறதோ? இதே மாதிரிக் கடினத் தண்ணியில வளர்க்கிற ஆக்கள் கட்டாயம் சொல்லுங்கோ.