கன்னிகாதானம் இல்லாமல் கல்யாணம் செல்லுமா?

தென்றல்:
தங்கைக்கு வருகிற தை மாசம் முகூர்த்தம். ஹோமம், தாலி, சப்தபதி எல்லாம் இருக்கட்டும், பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கிற கன்னிகாதானம் மட்டும் வேண்டாம் என்கிறாள். அது இல்லாவிட்டால் கல்யாணமே செல்லாது என்கிறார் சடங்கு செய்துவைக்கிற எங்கள் வாத்தியார். அப்படியா?

காவிரிக்கரை:
வாத்தியார் சொல்வதுதான் சரி. மூன்று தலைமுறைப் பெயரும் கோத்திரமும் சொல்லி, இன்னாருடைய கொள்ளுப்பேத்தியை இன்னாருடைய கொள்ளுப்பேரனுக்குக் கொடுக்கிறோம் என்று சபையறியச் சொல்வது அங்கேதான். வடக்கத்திச் சடங்கு என்று யாரும் கிளம்ப வேண்டாம். தொல்காப்பியத்தில் மணவாழ்வைப் பேசும் கற்பியலின் முதல் நூற்பாவே 'கொடைக்குரி மரபினோர் கொடுப்பக் கொள்வதுவே' என்றுதான் முடிகிறது.

கறுப்புக்கோட்டு:
இரண்டாவது நூற்பாவையும் படியுங்கள் சார்: 'கொடுப்போர் இன்றியும் கரணம் உண்டே.' கொடுப்பவர் இல்லாமலும் மணச்சடங்கு உண்டு என்கிறது. சட்டத்துக்கு வருவோம். 1955 இந்து திருமணச் சட்டம் 7-வது பிரிவுப்படி, சப்தபதி உள்ள கல்யாணம் ஏழாவது அடி வைத்ததும் முழுமையாகிவிடும். கன்னிகாதானம் என்ற பேச்சே அதில் இல்லை. அது கட்டாயமில்லை என்று அலகாபாத் உயர் நீதிமன்றமும் 2024-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 1967 திருத்தத்தின்படி ஹோமம்கூடத் தேவையில்லை. உறவினர், நண்பர் முன்னால் சம்மதம் சொல்லி மாலை மாற்றினாலே போதும்.

காவிரிக்கரை:
கோர்ட்டில் செல்லுமா என்றா கேட்டார்? அந்த இரண்டாவது நூற்பா உடன்போக்குக்கு, அதாவது காதலனோடு வீட்டைவிட்டுப் போனவர்களுக்குச் சொன்னது. மண்டபம் பிடித்துப் பத்திரிகை அடித்து நடக்கிற கல்யாணத்துக்கு அதை ஏன் இழுக்கிறீர்கள்?

கொங்குக்காரன்:
எங்க பக்கம் ஐயர் இல்லாம, சமூகப் பெரியவரான அருமைக்காரர்தான் நடத்தி வைப்பார், மங்கல வாழ்த்துப் பாடுவாங்க. அகநானூறு 86-லயும் பிள்ளை பெத்த நாலு பெண்கள் மணமகளை நீராட்டி வாழ்த்துறாங்க. தீ வலமே கிடையாதுங்க.

காவிரிக்கரை:
அதே பாட்டில் 'தமர் தர', அதாவது உறவினர் கொடுக்க, என்றும் வருகிறதே, அதை விட்டுவிட்டீர்களே! பெண்ணைப் பெற்றவர்களுக்குக் கிடைக்கிற ஒரே இடம் அது, அதையும் பிடுங்காதீர்கள்.

தென்றல்:
சிக்கலே அங்கேதான் சார். அப்பா இல்லை. அம்மா தனியாக உட்காரக் கூடாதாம், சித்தப்பா சித்தி தம்பதியாக உட்கார்ந்து தாரை வார்க்க வேண்டுமாம்.

காவிரிக்கரை:
முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஆனாலும் தம்பதியாகச் செய்வதுதான் வழக்கம். சித்தப்பா செய்தால் என்ன குறைச்சல்?

கறுப்புக்கோட்டு:
பெற்றவர்களுக்கான இடம் என்று இப்போதுதானே சொன்னீர்கள்?

தென்றல்:
சித்தப்பா மேல் அவளுக்கு வருத்தம் இல்லை. அம்மாவைத் தூணோரம் நிற்க வைத்துவிட்டு அந்தச் சடங்கு வேண்டாம் என்கிறாள். அம்மாவே தாரை வார்க்கலாம் என்றால் மடியில் உட்காரவும் தயார். மாப்பிள்ளை வீட்டிலும் சரி என்றுவிட்டார்கள். அதற்குச் சம்மதிக்கிற வாத்தியார் திருச்சிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.