டில்ட்ரோட்டர் வானூர்தியில் கடினமான பகுதி எது?

காட்பாடி மாணவன்:
அனைவருக்கும் வணக்கம். அரக்கோணம் ராஜாளி கடற்படை விமானத் தளத்தின் ஹெலிகாப்டர்களைப் பார்த்தே இயந்திரப் பொறியியல் படிக்க வந்தவன் நான். ஹெலிகாப்டரைப் போல நின்ற இடத்திலிருந்து எழும்பி, பின்னர் இறக்கை முனைகளிலுள்ள ரோட்டர் எனும் பெரிய விசிறிகளை முன்புறம் சாய்த்து விமானமாகப் பறக்கும் டில்ட்ரோட்டர் வானூர்தியான வி-22 ஆஸ்ப்ரே பற்றி வகுப்பில் பேச வேண்டியிருக்கிறது. ஒரு பக்க இன்ஜின் நின்றுபோனால் வானூர்தி அந்தப் பக்கமே கவிழ்ந்துவிடாதா? மேலும், இதே வகையைச் சேர்ந்த எக்ஸ்வி-3 என்னும் சோதனை வானூர்தி 1955-லேயே பறந்துவிட்டது; ஆஸ்ப்ரேயோ 1989-ல் முதன்முதலாகப் பறந்து, 2007-ல்தான் அமெரிக்கப் படையில் பணியேற்றது. சாய்க்கும் அமைப்பு அவ்வளவு கடினமானதா?

அரக்கோணம், ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் பராமரிப்பாளர்:
தம்பி, முதல் ஐயம் எளிதில் தீர்வது. இறக்கைக்குள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இணைப்பு ஷாஃப்ட் ஒன்று ஓடுகிறது; ஓர் இன்ஜின் நின்றாலும் மற்றது இரண்டு ரோட்டர்களையும் சுழற்றும். ஆனால் சுமையோடு அந்தரத்தில் நிற்க ஓர் இன்ஜினின் திறன் போதாமல் போகலாம் என்பதால், ரோட்டர்களைப் பாதி நிமிர்த்தி, ஓடுதளத்தில் ஓடியே இறங்குவார்கள். முழுதும் சாய்ந்த நிலையில் இறங்க வழியில்லை, 11.6 மீட்டர் விட்டமுள்ள ரோட்டர் தரையில் அடிக்கும்.

சாய்ப்பதற்கு திருகுத் தண்டால் தள்ளும் வலுவான ஸ்க்ரூ ஜாக் ஒன்று போதும். ஒரே ரோட்டரிடம் இரண்டு வேலை வாங்குவதில்தான் உண்மையான சிரமம் இருக்கிறது. ஹெலிகாப்டர் வேகமாகச் செல்லும்போது, எதிர்காற்றை நோக்கி வரும் பிளேடுக்கு வேகம் கூடுகிறது, பின்வாங்கும் பிளேடுக்குக் குறைகிறது. ஏறத்தாழ மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்வாங்கும் பிளேடு ஏற்றுவிசையை இழக்கத் தொடங்கும். ரோட்டரை முன்புறம் சாய்த்துவிட்டால் காற்று நேர் எதிரே வருவதால் இந்த ஏற்றத்தாழ்வு மறைகிறது. ஆஸ்ப்ரே மணிக்கு 500 கிலோமீட்டரை ஒட்டிப் பறப்பது இதனால்தான். ஆனால் அந்த வேகத்துக்கு பிளேடு அடியிலிருந்து நுனிவரை நன்றாக முறுக்கப்பட்டிருக்க வேண்டும், அது சுழலும் வட்டம் சிறியதாக இருக்க வேண்டும். அந்தரத்தில் நிற்க நல்லதோ முறுக்குக் குறைந்த பிளேடும் பெரிய வட்டமும். ஆகவே எந்த வேலைக்கும் முழுதும் பொருந்தாத இடைப்பட்ட வடிவத்தையே தேர்ந்தார்கள். முன்னோக்கிப் பறக்கையில் சுழற்சியையும் நிமிடத்துக்கு 397-லிருந்து 333 சுற்றாகக் குறைக்கிறார்கள்.

சிறிய வட்டத்துக்கு விலை உண்டு. செங்குத்தாக எழும் உச்ச எடையில் ஆஸ்ப்ரேயின் ரோட்டர் வட்டத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரும் 100 கிலோவுக்கு மேல் தாங்குகிறது. முழுச் சுமையேற்றிய சினூக் ஹெலிகாப்டரில் அது 45 கிலோவுக்கும் குறைவு. போதாததற்கு, கீழே தள்ளப்படும் காற்று சொந்த இறக்கையின் மீதே விழுந்து தூக்குவிசையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. வேலூரின் கத்திரி வெயிலில், 42 பாகையில், காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட 9 விழுக்காடு அளவுக்குக் குறையும். இன்ஜினின் திறனும் கூடவே இறங்கும். உன் வகுப்புக்கு இந்தக் கணக்கையே செய்து காட்டலாம்.

காலதாமதத்துக்கு விபத்துகளும் காரணம். 2000 ஏப்ரலில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து மரானாவில் ஆஸ்ப்ரே ஒன்று விழுந்து 19 பேர் இறந்தனர். முன்னோக்கிய வேகம் குறைவாக இருக்கையில் விரைந்து இறங்கினால், ரோட்டர் தான் தள்ளிய காற்றுச் சுழலுக்குள்ளேயே சிக்கி விசையை இழக்கும். சாதாரண ஹெலிகாப்டர் அப்போது நேராகக் கீழே அமிழும். இங்கே ஒரு பக்க ரோட்டர் மட்டும் சிக்கினால் மறுபக்கம் தூக்கிப் புரட்டிவிடும். அதன்பின் இறங்கும் வேகத்துக்கு எச்சரிக்கை அமைப்பு வைத்தார்கள். ரோட்டரைச் சற்று முன்புறம் சாய்த்தாலே சுழலிலிருந்து வெளியேறிவிடலாம் என்பதும் சோதனைகளில் தெரிந்தது.

ராணிப்பேட்டை, கியர் பட்டறை:
ஐயா சொன்னவற்றோடு கியர்பாக்ஸையும் சேர்க்க வேண்டும். 6,000 குதிரைத்திறனுக்கு மேல் தரும் இன்ஜின் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்றுச் சுழல, ரோட்டரோ 400 சுற்றுக்குள் சுழல வேண்டும். அந்தச் சுழற்சிக் குறைப்பு முழுவதும் இறக்கை முனையிலுள்ள சிறிய பெட்டிக்குள், 90 பாகைக்கு மேல் திரும்பும் நிலையிலும் எண்ணெய் வற்றாமல் நடக்க வேண்டும். 2023 நவம்பரில் ஜப்பானின் யாகுஷிமா அருகே 8 பேர் இறந்த ஆஸ்ப்ரே விபத்தில், கியர்பாக்ஸினுள் அதிவேகப் பினியன் (சிறிய பற்சக்கரம்) ஒன்று விரிசல் கண்டு உடைந்ததாக விசாரணை கூறியது. அதற்கு முன்பே எண்ணெயில் உலோகத் துகள் இருப்பதாக எச்சரிக்கை விமானிகளுக்குப் பலமுறை வந்திருந்தது. எங்கள் பட்டறையில் எண்ணெய் வடியும் அடைப்பானில் காந்தம் பொருத்தியிருக்கிறோம். அதில் நுண்ணிய மாவு போலப் படிந்தால் வழக்கமான தேய்மானம், நகக்கீற்றுப் போன்ற செதில் ஒட்டியிருந்தால் பெட்டியைத் திறந்தே ஆக வேண்டும். பறக்கும்போது யாரும் திறந்து பார்க்க முடியாது என்பதுதான் வேறுபாடு.

காட்பாடி மாணவன்:
மிக்க நன்றி ஐயா. 2017-ல் முதன்முதலாகப் பறந்த வி-280 என்னும் டில்ட்ரோட்டரில் இன்ஜின் சாயாமல் ரோட்டர் மட்டும் சாய்கிறதே, அதனால் இந்தத் தொல்லை குறையுமா?

அரக்கோணம், ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் பராமரிப்பாளர்:
ஓரளவு குறையும். இன்ஜின் கிடைமட்டமாகவே இருப்பதால் அதன் எண்ணெய், எரிபொருள் ஏற்பாடு எளிதாகிறது. சூடான புகை தரையைச் சுடுவதில்லை. வீரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியே இறங்கலாம். ஆனால் திறனை வேறு திசைக்குத் திருப்பிவிடும் கூம்பு வடிவ பெவல் கியர்கள், சாயும் அச்சிலேயே முழு முறுக்குவிசையையும் தாங்க வேண்டும். அதன் படத்தை வரைந்துகொண்டு பேசத் தொடங்கு, தம்பி. கேள்விகள் அங்கிருந்துதான் வரும்.