தலைவாசல் கதவுக்கு என்ன கலர் அடிச்சீங்க? பட்டவங்க சொல்லுங்க

பாளையங்கோட்டையிலிருந்து:

எங்க வீடு மேற்குப் பார்த்த வாசல். 2019-ல கட்டினது. தலைவாசலுக்கு மட்டும் தேக்கு, மத்ததெல்லாம் ஃப்ளஷ் டோர். "தேக்குக்குப் போய் எவனாவது பெயிண்ட் அடிப்பானா"ன்னு ஆசாரி ஒரு போடு போட்டார். சரின்னு வால்நட் ஸ்டெய்ன் (கரும்பழுப்புச் சாயம்) குடுத்து, மேல மெலமைன் பாலிஷ் போட்டோம். பால் காய்ச்சின அன்னைக்கு அந்தக் கதவுல முகம் பார்த்துத் தலை சீவலாம். அப்படி இருந்துச்சு.

ரெண்டாவது கோடையில கீழ்ப்பாதி வெளிறிப்போச்சு. அதுக்கடுத்த வருஷம் நகத்தால சுரண்டினா வெங்காயச் சருகு மாதிரி உரிஞ்சு வருது. சன்ஷேடு நிழல் விழுற மேல்பாதி மட்டும் இன்னைக்கும் புதுசு. பாதிக் கதவு பணக்கார வீடு, பாதிக் கதவு பூட்டிக் கிடக்கிற வீடு. மெலமைன் உள்கதவுக்குத்தான்னு அப்புறமா வேற ஒருத்தர் சொல்லித்தான் தெரியும்.

இப்ப எல்லாத்தையும் சுரண்டிட்டு பெயிண்டே அடிச்சிரலாம்னு முடிவு. எந்தக் கலருன்னுதான் வீட்டுல மூணு கட்சி. மனைவி கரும்பச்சை. மகள் மஞ்சள். அம்மாவுக்குக் கலரே பிரச்சினை இல்ல, "வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வச்சா கண்ணுக்குத் தெரியணும், அம்புட்டுதான்." வால்நட்ல குங்குமம் எடுபடலைன்னு இத்தனை வருஷமா மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காங்க.

அடிச்சு அனுபவப்பட்டவங்க சொல்லுங்க. ஷேட் கார்டு படம் மட்டும் போடாதீங்க, எங்க வீட்டுலயே மூணு கிடக்கு.

கோயம்புத்தூரிலிருந்து:

வாஸ்து பார்த்தீங்களா?

பாளையங்கோட்டை:

ரெண்டு பேர்கிட்ட கேட்டேனுங்க. ரெண்டு கலர் வந்துச்சு.

கும்பகோணத்திலிருந்து:

எங்க கதை தலைகீழ். தாத்தா வீட்டு ரெட்டைக் கதவுக்கு எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து பச்சை எனாமல்தான். பொங்கலுக்குப் பொங்கல் பழசு மேலயே ஒரு கை இழுத்து விடுவார். அப்பா காலத்துல நீலம். ஓரத்துல ஒரு சில்லு பெயர்ந்தப்ப பார்த்தேன், நீலம், பச்சை, பச்சை, அதுக்கும் அடியில காவின்னு அடுக்கடுக்கா இருந்துச்சு. கடைசியில பர்மா தேக்கு. ரேகை ரேகையா, தேன் கலர்ல.

உடனே உப்புத்தாளை வாங்கிக்கிட்டு உட்கார்ந்துட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன். வீட்டுப் பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல இருக்கக் கூடாதுங்கிற விதி நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின பழைய எனாமல்ல எவ்வளவு இருக்கும்னு யாருக்குத் தெரியும்? நான் வறட்டுத்தாள் போட்டுத் தேய்க்கிறேன், பேரன் பக்கத்துல உட்கார்ந்து அந்தப் பச்சைத் தூள்ல கோலம் போடுறான். மருமகள் பார்த்துட்டுக் கத்தின கத்துல வேலை நின்னுச்சு. அப்புறம் முகத்துக்கு மாஸ்க், குழந்தையை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டு, தண்ணி தொட்டுத் தேய்க்கிற தாள்னு பத்து நாள் போச்சு. உங்களுது 2019 கதவு, பாலிஷ்தான், அந்த பயம் வேண்டாம். பழைய வீட்டுக்காரங்க கவனிங்க.

எங்களுக்குக் கிழக்கு வாசல், முன்னாடி திண்ணை. வெயில் கதவுக்கு வர்றதுக்குள்ள தூணோட சண்டை போட்டே ஓய்ஞ்சிரும். அதனால சுரண்டிட்டுப் போட்ட பாலிஷ் நிக்குது. உங்க மேற்கு வாசலுக்கு அது சரிப்படாது.

திருப்பூரிலிருந்து:

பெயிண்டிங் கான்ட்ராக்ட் எடுக்கிறவனுங்க நான். பாலிஷ் ஏன் உரியுதுன்னு சொல்றேன். அது கண்ணாடி மாதிரிங்க, வெயில் உள்ள பூந்து மரத்தோட மேல்தோலையே கெடுத்துரும். மரம் பிடியை விட்டா படலம் உரியாம என்ன பண்ணும்? பெயிண்ட்ல கலர்ப் பொடி இருக்கிறதால வெயிலை மேலயே மறிச்சுக்கும்.

பாப்பா கேக்கிற பளீர் மஞ்சள் மேற்கு வெயிலுக்குச் சீக்கிரம் வெளுத்துரும். மூடவும் மூடாது, மூணு கை கேக்கும். காவி, பழுப்பு, மண்மஞ்சள் இதெல்லாம் இரும்புத் துருவிலிருந்து வர்ற கலருங்க, நின்னு பேசும். கரும்பச்சை நல்ல கலர்தான், ஆனா சூட்டை இழுக்கும். மர இணைப்பு கொஞ்சம் வாய் பிளந்தாலும் பிளக்கும், அதுக்குத் தயாரா இருங்க.

ஏழுக்கு மூணரை கதவுன்னா ரெண்டு பக்கமும் ரெண்டு கை அடிக்க ஒரு லிட்டர் எனாமல் போதுங்க. டின்னுக்குள்ள கலர் கலந்துட்டா கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால முதல்ல சின்ன டப்பா வாங்கி ஒரு பிளைவுட் துண்டுல அடிச்சு, வாசல்லயே சாத்தி வைங்க. கடை டியூப் லைட்டுல பார்த்த கலர் உங்க வாசலுக்கு வராது. காலையில ஒருதடவை, நாலு மணிக்கு ஒருதடவை பாருங்க.

இன்னொண்ணு, கதவோட அடிவிளிம்பு. எவனும் அடிக்க மாட்டான், கண்ணுக்குத் தெரியாதில்ல. ஐப்பசி மழையில அது வழியாத்தான் தண்ணி குடிச்சுக் கதவு ஊதுது. அப்புறம் ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொன்னா, அடிச்ச கலரும் சேர்ந்து போகும். கதவைக் கீலிலிருந்து கழட்டி அடிக்கச் சொல்லுங்க.

சென்னையிலிருந்து:

உங்களுக்காவது மூணு கட்சி. எங்க அடுக்குமாடியில சங்கம் மட்டும்தான் கட்சி. வெளிப்பக்கம் எல்லா வீட்டுக்கும் ஒரே பழுப்பு. அதனால உள்பக்கத்துக்கு மட்டும் கடுகு மஞ்சள் அடிச்சேன். வெயிலே படாது, நாலு வருஷமா அப்படியே இருக்கு. வெளிய கிளம்பும்போதெல்லாம் பார்க்கிறது நாமதானே.

லண்டனிலிருந்து:

எங்கட கதவு கறுப்பு. வீடு வாங்கேக்கையே அப்பிடித்தான் இருந்தது. இஞ்ச கறுப்பெண்டால் கம்பீரம், பிரதமற்ற டவுனிங் தெரு 10-ம் இலக்கக் கதவும் கறுப்புத்தானே. அது இப்ப மரமும் இல்லை, 1991 மோட்டார் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு மாத்தின இரும்புக் கதவு. மாமி யாழ்ப்பாணத்தில இருந்து வந்து இறங்கின உடனே வாசல்ல நிண்டு, "என்ன பிள்ளை, செத்த வீடோ?" எண்டு கேட்டா. அடுத்த நாளே தமிழ்க் கடையில மாவிலை வாங்கித் தோரணம் கட்டினா. சொன்னால் நம்பமாட்டியள், கறுப்பில அந்தப் பச்சை அப்பிடி எடுப்பு. கதவை மாத்தச் சொல்லி பிறகு அவ வாய் திறக்கேல்ல.

பாளையங்கோட்டை:

திருப்பூர்க்காரர் சொன்ன மாதிரியே மூணு பலகை. கரும்பச்சை, மண்மஞ்சள், காவி. ரெண்டு நாளா வாசல்ல சாத்தி வச்சிருக்கோம். கடையில கிட்டத்தட்ட கறுப்பாத் தெரிஞ்ச பச்சை, நாலு மணி வெயில்ல வாழையிலை மாதிரி ஆயிருச்சு. கை வச்சா சுடத்தான் செய்யுது.

இன்னைக்குக் காலையில அம்மா மஞ்சளைக் குழைச்சுக்கிட்டு வந்து, மூணு பலகைக்கும் வரிசையா பொட்டு வச்சாங்க. மண்மஞ்சள்ல மஞ்சள் காணாமப் போச்சு. காவியில குங்குமம் காணாமப் போச்சு. பச்சையில ரெண்டும் பளிச்சுன்னு. ஒண்ணுமே சொல்லலை, கையைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டாங்க. மனைவி சிரிச்சுக்கிட்டே இருக்கா.

மகளுக்கு உள்பக்கம் மஞ்சள்னு பேசி முடிச்சாச்சு, சென்னைக்காரருக்கு நன்றி. பெயிண்டர் வெள்ளிக்கிழமை வர்றேன்னிருக்கார். எந்த வெள்ளின்னு சொல்லலை.