2 அடி தொட்டி, உப்புத் தண்ணீர்: எந்தெந்த மீன்களைச் சேர்த்து விடலாம்?

உச்சிப்புளி அம்மா:
வணக்கம். நான்காம் வகுப்பு படிக்கும் என் மகள் ரொம்ப நாளாக மீன் தொட்டி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்பாஞ்ச் ஃபில்டரும் காற்று மோட்டாரும் கூடவே கிடைத்தன. மீன் இன்னும் வாங்கவில்லை.

கடையில் கேட்டேன். நியான் டெட்ரா 10, ஏஞ்சல் 2, டைகர் பார்ப் 4, கோல்டு ஃபிஷ் 2, அழுக்கைத் தின்ன ஒரு சக்கர் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றார்கள். மகளுக்கு நியான் மேல்தான் கண்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 1900 காட்டுகிறது, சோப்பு நுரைக்காது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்குகிறோம், அதில் 60. காவிரிக் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் வரும். இந்தச் சீட்டை நம்பி வாங்கலாமா? வாங்கிய வாரமே மீன் செத்து மிதந்தால் பிள்ளை தாங்க மாட்டாள்.

பரமக்குடி வாசகன்:
வாங்காதீர்கள் அக்கா. ஏஞ்சல் வளர்ந்ததும் நியானை ஒவ்வொன்றாக விழுங்கிவிடும். டைகர் பார்ப் ஏஞ்சலின் நீண்ட துடுப்பைக் கடித்துக் கிழிக்கும். கோல்டு ஃபிஷ் குளிர்ந்த தண்ணீர் மீன், கழிவும் அதிகம். அந்தச் சீட்டில் இருப்பவை ஒன்றுக்கொன்று எதிரி.

மண்டபம் டீக்கடை:
தங்கச்சி, மேலே தம்பி சொன்னது சரி. ஆனால் மீனுக்கும் மீனுக்கும் ஒத்துப்போகுமா என்பதை இரண்டாவதாகப் பார்ப்போம். உங்கள் தண்ணீருக்கும் மீனுக்கும் ஒத்துப்போகுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் கரையோரத்தில் சண்டையில் சாகும் மீனைவிடத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் சாகும் மீன்தான் அதிகம். கடையில் மூன்று தொட்டி வைத்திருக்கிறேன். டீ குடிக்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பதும் பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

நியான் டெட்ராவின் சொந்த ஊர் அமேசானின் மேல்பகுதி ஓடைகள். இலை மட்கிப் பழுப்பாக இருக்கும் தண்ணீர், உப்பும் சுண்ணாம்பும் கிட்டத்தட்ட இல்லாதது. பண்ணையில் பிறந்த நியான் ஓரளவு கடினத் தண்ணீரைத் தாங்கும், ஆனால் 1900-ல் போட்டால் கொடுமை. அதோடு அது 25 டிகிரி பக்கத்தில் சுகமாக இருக்கும் மீன். சித்திரை வெயிலில் நம் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகிறது. இங்கே ஹீட்டரை யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

உங்கள் தண்ணீருக்கென்றே பிறந்தவை குட்டி போடும் மீன்கள்: கப்பி, மோலி, பிளாட்டி. மோலி மெக்சிகோ, மத்திய அமெரிக்கக் கடலோரங்களில், ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை வாழ்கிறது. மெதுவாகப் பழக்கினால் கடல் தண்ணீரிலேயே இருக்கும். கப்பியும் உப்பைத் தாங்கும். கொசுப்புழு தின்பதற்காகச் சுகாதாரத் துறையினர் தொட்டிகளில் விடும் மீனும் அதுதான். பிளாட்டிக்குக் கடினத் தண்ணீர் பிடிக்கும், உப்பு அவ்வளவு வேண்டாம். அதனால் போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள். 1000-க்குப் பக்கத்தில் நிற்கும், மூன்றும் நன்றாக இருக்கும். கேன் தண்ணீரை மட்டும் ஊற்றி வளர்க்க வேண்டாம். அதில் தாது இல்லை, கப்பி துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் ஒதுங்கும். காவிரித் தண்ணீர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதில் குளோரின் இருக்கும், ஒரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு, அல்லது கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விட்டுவிட்டு ஊற்றுங்கள்.

எத்தனை மீன்? அளவுப்படி 56 லிட்டர். அடியில் கல், மேலே இடைவெளி போக 45 லிட்டர்தான் கணக்கு. எனக்குப் பிடித்த சேர்க்கை: ஆண் கப்பி 6, பிளாட்டி 4. வேறு எதுவும் வேண்டாம். ஆண் கப்பிதான் வண்ணமும் வாலும். பிளாட்டியையும் ஆணாகவே கேட்டு வாங்குங்கள். அடிவயிற்றுத் துடுப்பு குச்சிபோல் கூராக இருந்தால் ஆண், விசிறிபோல் விரிந்திருந்தால் பெண். பெண் மீன் கடையிலிருந்து வரும்போதே சினையாக இருக்கும், ஆணே இல்லாமல் மாதக்கணக்கில் குட்டி போட்டுக்கொண்டே இருக்கும். பிறகு குட்டிகளை எங்கே விடுவது என்று திண்டாட்டம். ஊருணியிலோ கண்மாயிலோ தயவுசெய்து விட்டுவிடாதீர்கள், அங்கே இருக்கும் நம் ஊர் மீனின் முட்டையையும் குஞ்சையும் தின்று பெருகிவிடும்.

சக்கர் விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கடையில் விரல் அளவு இருக்கும். வளர்ந்தால் ஒரு அடிக்கு மேல், உங்கள் தொட்டியில் திரும்பக்கூட இடம் இருக்காது. அது அழுக்கைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கும் என்பதும் சரியில்லை. பாசியைச் சுரண்டும், அதைவிட அதிகமாகக் கழிவு போடும்.

ராமேஸ்வரம் ரசிகர்:
டெட்ராவே முடியாது என்று சொல்லிவிட முடியாது அண்ணே. நான் காவிரித் தண்ணீரில் கேன் தண்ணீர் கலந்து டெட்ரா வைத்திருக்கிறேன், நன்றாக நீந்துகின்றன. கோடையில் தொட்டிக்கு மேல் சின்ன மின்விசிறி ஓடும்.

மண்டபம் டீக்கடை:
முடியும் தம்பி, மறுக்கவில்லை. உங்களுக்குப் பழக்கம் இருக்கிறது, வாராவாரம் மீட்டர் வைத்துப் பார்ப்பீர்கள். குழாய்த் தண்ணீர் வராத வாரத்தில் போர் தண்ணீரை ஊற்ற வேண்டி வந்தால் டெட்ரா தாங்காது, கப்பி தாங்கும். முதல் தொட்டி வைக்கும் வீட்டுக்கு அப்படித் தாங்கும் மீன்தான் வேண்டும்.

மின்விசிறி நல்ல யோசனை, 2, 3 டிகிரி இறங்கும். தங்கச்சியும் வைக்கலாம். ஆனால் விசிறி ஓடினால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு மட்டும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு போனால் 1000 என்பது தெரியாமலே 2000 ஆகிவிடும். அதனால் ஆவியானதை ஈடுகட்டக் கேன் தண்ணீர், வாரம் ஒரு முறை கால் தொட்டி மாற்றும்போது கலவைத் தண்ணீர். நம் ஊரில் இதை மறந்தால் மற்றதெல்லாம் வீண்.

உச்சிப்புளி அம்மா:
ரொம்ப நன்றி அண்ணே. கப்பி, பிளாட்டி படம் காட்டினேன், சிவப்புப் பிளாட்டியைப் பார்த்ததும் மகள் நியானை விட்டுவிட்டாள். இரண்டு சந்தேகம். இன்றைக்கே தண்ணீர் ஊற்றி நாளை மீன் விடலாமா? அப்புறம், பாம்பன் கரையில் ஒதுங்கிய பவளக்கல் இரண்டு வைத்திருக்கிறாள், அழகுக்கு உள்ளே போடலாமா? பக்கத்தில்தானே கடல், அங்கிருந்தே ஒரு கோமாளி மீன் பிடித்து விடலாமே என்றும் கேட்கிறாள்.

மண்டபம் டீக்கடை:
பவளக்கல் வேண்டாம் தங்கச்சி. கரையில் செத்துக் கிடந்தாலும் எடுத்து வைத்திருப்பது குற்றம். 2001-லேயே பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எல்லாவற்றையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பிள்ளையிடம் பக்குவமாகச் சொல்லி எடுத்த இடத்திலேயே போட்டுவிடச் சொல்லுங்கள். அது சுண்ணாம்பு, உங்கள் தண்ணீரின் கடினத்தை இன்னும் ஏற்றவும் செய்யும்.

கோமாளி மீனுக்கு முழுக் கடல் தண்ணீர் வேண்டும், கப்பித் தொட்டியில் இருக்காது. 45 லிட்டர் கடல் தண்ணீரை நம் வெயிலில் நிலையாக வைப்பது அனுபவசாலிக்கே கடினம். இங்கே மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அந்த மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கிறார்கள். பாறையிலிருந்து பிடிக்காமலேயே அது கிடைக்கும் என்பதை மகளுக்குச் சொல்லுங்கள்.

நாளைக்கே மீன் விடக் கூடாது. மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நமக்கு இது கூடுதல் ஆபத்து. 30 டிகிரி சூட்டில், பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 7 உள்ள தண்ணீரில் அம்மோனியாவின் நச்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. அதுவே பிஎச் 8 ஆனால் நூற்றில் ஏழு பங்கு. நம் போர் தண்ணீர் பெரும்பாலும் 8-ஐ ஒட்டித்தான்.

குறுக்கு வழி ஒன்று உண்டு. ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்சு ஒன்றை வாங்கி உங்கள் தொட்டியில் போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையும். மண்டபம் பக்கம் வந்தால் கடைக்கு வாருங்கள், ஈரம் காயாமல் கவரில் போட்டுத் தருகிறேன். ஸ்பாஞ்சை எப்போதும் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள், குழாயடியில் பிழிந்தால் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். முதலில் 3 கப்பி, இரண்டு வாரம் கழித்து மற்ற 3, அதற்குப் பிறகு பிளாட்டி.

மின்வெட்டுக்கு ஒரு பேட்டரி காற்று மோட்டார் கட்டாயம். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே அதைப் போடுங்கள். தீனி காலை ஒரு சிட்டிகை, மாலை ஒரு சிட்டிகை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. அந்த வேலையை மகளிடம் கொடுத்துவிட்டு, தீனி டப்பாவை மட்டும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.