பத்துக் கிலோமீற்றரில் குப்புற விழும் ரொக்கெட்: கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம், 1.12

வெள்ளவத்தை_வானோடி எழுதியது:

அண்ணாமார், அக்காமார், கேர்பல் ஸ்பேஸ் புரோகிராம் எண்ட, ரொக்கெட் கட்டிப் பறக்கவிடுற கணினி விளையாட்டில் நான் கட்டின இந்த ரொக்கெட்டில் எங்கே பிழை எண்டு பாருங்கோ. மேலிருந்து கீழே இப்படி அடுக்கியிருக்கு:

எம்கே16 பரசூட், எம்கே1 கொமாண்ட் பொட் (ஆள் இருக்கிற கூடு), சயன்ஸ் ஜூனியர் (பரிசோதனைப் பெட்டி), அதன் பக்கத்தில் இரண்டு மிஸ்ரரி கூ (சின்னப் பரிசோதனை டப்பா), 1.25 மீற்றர் வெப்பக் கவசம், டிகப்ளர் (கட்டங்களைப் பிரிக்கிற வளையம்), எஃப்எல்-டி400 எரிபொருள் தாங்கி, டெரியர் எஞ்சின். அதுக்குக் கீழே டிகப்ளர், எஃப்எல்-டி800 தாங்கி, ரிலையன்ட் எஞ்சின். பக்கத்தில் இரண்டு ஹமர் பூஸ்டர். செட்டை இல்லை. மொத்தம் 17.3 தொன்.

நேரே மேலே போகுது, பூஸ்டரும் ஒழுங்காய்க் கழருது. 10 கி.மீ. வந்ததும் கிழக்கே 45 பாகைக்குச் சாய்த்தால், மூக்கு 15–20 பாகை போறதுக்குள்ளேயே வால் முன்னுக்கு வந்து சுழலத் தொடங்குது. எஸ்ஏஎஸ் (தானாய் நிலைநிறுத்துற அமைப்பு) போட்டாலும் நிக்குதில்லை. எரிபொருள் பாதிக்கு மேல் மிச்சம். செட்டை கூட்டினால் போதுமா, இல்லாட்டி வேறே பிழையா?

இன்னொண்டு: இது சரிவந்த பிறகு றியல் சோலர் சிஸ்டம் மொட்டில் (விளையாட்டில் உண்மையான பூமியைக் கொண்டுவாற கூடுதல் மென்பொருள்) கொழும்பிலிருந்து ஏவிப் பார்க்க விருப்பம். அதுக்கும் யோசனை சொல்லுங்கோ.

---

டெல்டா_வீ எழுதியது:

தம்பி, செட்டை கடைசிக் கதை. முதல் பிழை வேகம், இரண்டாவது பறக்கிற பாதை.

கணக்கைப் பாருங்க. கடல் மட்டத்தில் ரிலையன்ட் 205 கிலோநியூட்டன், ஒரு ஹமர் 198. மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 601. உங்கட ரொக்கெட்டின் எடை 170 கிலோநியூட்டன். உந்து–எடை விகிதம் 3.5! ஏவுதளத்தில் 1.3 முதல் 1.7 வரை இருந்தால் போதும். ஹமர் முழு வலுவில் 24 செக்கன்தான் எரியும். அந்த 24 செக்கனுக்குள்ளேயே அடர்ந்த காற்றுக்குள் ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடுகிறீர்கள். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும்: வேகம் இரண்டு மடங்கு என்றால் அழுத்தம் நான்கு மடங்கு. அந்த நிலையில் மூக்கைப் பயணத் திசையிலிருந்து 20 பாகை விலக்கினால், காற்று ரொக்கெட்டைப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பிவிடும்.

திருப்புகிற காற்றை எதிர்க்க உங்களிடம் என்ன இருக்கிறது? ரிலையன்ட்டின் வாய் அசையாது. பொட்டுக்குள் இருக்கிற சுழல்சக்கரம் 5 கிலோநியூட்டன்-மீற்றர் முறுக்குவிசை மட்டும்தான் தரும். எஸ்ஏஎஸ் பாவம், அதை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? சுவிவல் எஞ்சின் 3 பாகை அசையும். அதன் 168 கிலோநியூட்டனில் பக்கத்துக்கு 8.8 கிடைக்கும். நிறைமையம் எஞ்சினுக்கு 4 மீற்றர் மேலே இருந்தாலே 35 கிலோநியூட்டன்-மீற்றர். ஏழு மடங்கு.

“10 கி.மீ. நேரே போய் 45 பாகை சாய்” என்கிற அறிவுரை 2015க்கு முந்தியது. அந்த ஆண்டு வந்த 1.0 பதிப்பில் காற்று மண்டலத்தையே மாற்றிவிட்டார்கள். பழைய வீடியோக்களில் இன்னும் அந்த அறிவுரை கிடக்கிறது, புதுசாக வருகிற எல்லாரையும் கெடுக்கிறது.

செய்ய வேண்டியது: ஹமர் இரண்டையும் கழற்றுங்க. ரிலையன்ட்டுக்குப் பதில் சுவிவல். எஃப்எல்-டி800க்குக் கீழே இன்னொரு எஃப்எல்-டி400. அடியில் நாலு சின்னச் செட்டை. இப்போ மொத்தம் 12.7 தொன், விகிதம் 1.35. வெற்றிடக் கணக்கில் டெல்டா வீ, அதாவது எரிபொருளால் கூட்டக்கூடிய வேகம், கீழ்க் கட்டம் 2016 மீ/செ, மேல் கட்டம் 2097, கூட்டினால் 4100 சொச்சம். விளையாட்டின் கிரகமான கேர்பினைச் சுற்ற 3400 வேணும். ஐந்து தொன் குறைந்தும் மிச்சம் 700.

---

கொட்டாஞ்சேனை_குறடு எழுதியது:

மேலே சொன்னது முழுக்கச் சரி. ஹமரை வைத்துக்கொண்டே உந்துவிசையை மட்டும் குறைக்கலாமே என்று யாரும் கேட்க முதல் அதையும் சொல்லிவிடுகிறேன். வலது கிளிக் பண்ணி 35 சதவீதத்துக்கு இறக்கினால் விகிதம் 2.0க்கு வரும், ஆனால் ஹமர் எரியிற நேரம் 68 செக்கனாக நீளும். ரிலையன்ட்டுக்கு எஃப்எல்-டி800 முழு வலுவில் 51 செக்கன்தான் வரும். கடைசி 17 செக்கன் நடு எஞ்சின் செத்துப்போய் சும்மா பாரமாகத் தொங்கும். இந்த ரொக்கெட்டுக்கு ஹமர் பொருந்தாது.

கூ இரண்டும் கவனிக்க வேண்டியவை. கட்டும் கூடத்தில் தெரியிற நீல உருண்டை செட்டை, இறக்கை போன்றவை தரும் தூக்குவிசையை மட்டும் காட்டும். தாங்கியின் உடம்பு, கூ டப்பா இவை காற்றில் எவ்வளவு இழுக்கும் என்று அதில் தெரியாது. நீலம், நிறைமையத்தைக் காட்டுகிற மஞ்சள் உருண்டைக்குக் கீழே இருக்கிறதே என்று நம்பி ஏவினால் ஏமாறுவீர்கள். பறக்கும்போது எஃப்12 அழுத்துங்க, எந்தப் பாகத்தில் எவ்வளவு விசை என்று கோடுகளாகத் தெரியும். உச்சியில் இழுவை கூடினால் வால் முன்னுக்கு வரத்தான் பார்க்கும். கூ இரண்டையும் 1.25 மீற்றர் சேர்விஸ் பேக்குள் (கதவுள்ள மூடிய பெட்டிப் பாகம்) வையுங்க. 0.1 தொன் கூடும், டெல்டா வீ கொஞ்சம் குறையும், ஆனால் மூக்கு சுத்தமாகிவிடும்.

சயன்ஸ் ஜூனியரைத் திருப்பிக் கொண்டுவரத் தேவையில்லை. விண்ணில் ஆளை வெளியே இறக்கித் தரவை எடுத்துப் பொட்டுக்குள் வைத்தால் போதும். அதனால் வெப்பக் கவசத்தைப் பொட்டுக்கு நேர் கீழே வைத்து, டிகப்ளருக்குக் கீழே சயன்ஸ் ஜூனியரைப் போடுங்க.

---

வெள்ளவத்தை_வானோடி எழுதியது:

மாற்றியாச்சு, விகிதம் 1.34 காட்டுது. கரியர் மோட் எண்டபடியால் பைலட் இன்னும் 0 தரம், புரோகிரேட் (பயணத் திசை) பிடிக்கிற பட்டன் வரேல்லை. கையால் எப்படித் திருப்புறது?

---

டெல்டா_வீ எழுதியது:

கையால் செய்தால்தான் நல்லாப் புரியும். 0 தரத்தில் இருக்கிற சாதாரண எஸ்ஏஎஸ் போதும்.

முழு வலுவில் கிளம்புங்க. 70 மீ/செ வந்ததும் 90 பாகைத் திசைக்கு, அதாவது நேர் கிழக்கே, 5 பாகை மட்டும் சாயுங்க. நவ்போலில் (திசை காட்டுகிற உருண்டை) பயணத் திசையைக் காட்டுகிற மஞ்சள் வட்டம் மெதுவாக உங்கட மூக்கை நோக்கி வரும். அது வந்து சேரும் வரை தொடாதீங்க. சேர்ந்த பிறகு ரொக்கெட் தானாகவே சாயத் தொடங்கும், ஈர்ப்பு இழுக்கிற வேலை அது. நீங்கள் மூக்கை அந்த வட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு போங்க. 30 கி.மீ. தாண்டும் வரை 5 பாகைக்கு மேல் விலகவே கூடாது. 12 கி.மீ. அளவில் 45 பாகைக்கு வந்தால் நல்ல பாதை. அதுக்குள் படுத்துவிட்டால் முதலில் சாய்த்தது அதிகம், அடுத்த முறை 3 பாகை. நிமிர்ந்தே நின்றால் 7.

கீழ்க் கட்டம் 88 செக்கனில் முடியும். டெரியரை 20 கி.மீ.க்குக் கீழே எரிக்க வேண்டாம். கடல் மட்டத்தில் அதன் உந்துவிசை வெறும் 15 கிலோநியூட்டன், வெற்றிடத்தில் 60. உயரமே அதன் பலம்.

36 கி.மீ. அளவில் நவ்போல் தானாகவே சுற்றுப்பாதை முறைக்கு மாறும், வட்டம் சட்டென்று இடம் மாறும். பயப்படாதீங்க, அது பிழையில்லை. உச்சப் புள்ளி 80 கி.மீ. காட்டியதும் எஞ்சினை நிறுத்துங்க. காற்று 70 கி.மீ.யில் முடிகிறது. அதுவரை உச்சப் புள்ளி ஒரு கிலோமீற்றர் குறையலாம், பிறகு சிறு உந்தலால் திருத்தலாம். உச்சப் புள்ளியில் மனூவர் நோட் (திட்டமிட்ட எரிப்புக் குறி) போட்டு, எரிக்க வேண்டிய நேரத்தின் பாதியை அந்தப் புள்ளிக்கு முன்னேயே தொடங்குங்க. 80 கி.மீ. வட்டப் பாதையில் வேகம் 2279 மீ/செ, நவ்போலில் அந்த இலக்கம் வந்ததும் வேலை முடிந்தது.

“முன்” (Mun) என்கிற கேர்பினின் நிலவுக்குப் போக 860 மீ/செ வேணும், இப்போ மிச்சம் 700 கூட இல்லை. மேல் கட்டத்தில் ஒரு எஃப்எல்-டி200 சேருங்க: சேர்விஸ் பே உட்பட மொத்தம் 4400 வரும், ஏவுதள விகிதம் 1.23. மெதுவாகத்தான் எழும்பும், ஆனால் எழும்பும். திரும்பும்போது கேர்பினுக்கு அண்மைப் புள்ளி 30–35 கி.மீ.யில் வையுங்க. 250 மீ/செக்குக் கீழே வந்த பிறகுதான் பரசூட்.

---

திருமலை_அலை எழுதியது:

கொழும்பு பற்றிக் கேட்டதுக்குப் பதில்.

முதலில், பூமியைச் சுற்றத் தேவையான டெல்டா வீ 9.4 கி.மீ/செ அளவு. கேர்பினின் ஆரம் 600 கி.மீ., பூமியுடையது 6371. விளையாட்டின் சொந்தத் தாங்கிகள் நிரம்பிய நிறையில் ஒன்பதில் ஒரு பங்கு வெறும் தகடு, அதனால் பாகங்களை உண்மைக்கு ஏற்ப மாற்றுற றியலிசம் ஓவர்ஹோல் மொட்டும் சேர்த்துப் போடுங்கோ. ஏவுதளத்தை வேறிடத்தில் வைக்க கேர்பல் கொன்ஸ்ட்ரக்ட்ஸ் மொட் உதவும்.

கொழும்பு வடக்கு 6.9 பாகை. பூமி சுழலும் வேகம் நிலநடுக்கோட்டில் 465 மீ/செ, கொழும்பில் 462. நல்ல பரிசு. நேர் கிழக்கே ஏவினால் நிலநடுக்கோட்டிலிருந்து பாதையின் சாய்வு 6.9 பாகை, அதைவிடக் குறைவாக நேரடியாகக் கிடைக்காது. 2019 இல் விண்ணுக்குப் போன எங்கட இராவணா-1 செய்மதி சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது, அதன் சாய்வு 51.6. அந்தப் பாதைக்குக் கொழும்பிலிருந்து ஏவ வடகிழக்கே 39 பாகைத் திசை பிடிக்க வேணும், பூமிச் சுழற்சிக்கு ஈடாக இன்னும் கொஞ்சம் வடக்கே.

ஆனால் கொழும்பு மேற்குக் கரையில் இருக்கு. கிழக்கே ஏவினால் ரொக்கெட் மலைநாட்டுக்கு மேலால்தான் பறக்கும். உண்மையில் ஏவுகிறவர்கள் இதைப் பெரிசாய் யோசிப்பார்கள்: ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குப் போகிற இந்தியாவின் பிஎஸ்எல்வி ரொக்கெட் நேரே தெற்கே போகாமல், முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு வளையும், இலங்கைக்கு மேலால் பறக்கக் கூடாதெண்டு. அந்த வளைவுக்கு எரிபொருளும் சுமையும் பறிபோகும். தளத்தை மட்டக்களப்புக் கரையில் வையுங்கோ. 7.7 பாகை, சுழற்சி வேகம் ஒரு மீ/செ கூடக் குறையாது, முன்னால் முழுக்க வங்காள விரிகுடா.